கடலில் பிறந்து மலையேறிய பெட்டி

மலையேறுபவர்களின் முதுகுப்பையில் உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடித்த ஆன்டெனாவை நிமிர்த்திப் பொத்தானை அழுத்தினால், இன்னார் இந்த இடத்தில் ஆபத்தில் இருக்கிறார் என்ற செய்தி செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குப் போய்விடும். பீக்கன் என்று பொதுவாக அழைக்கப்படும் இந்தக் கருவியின் வேலையை 2022 முதல் சில கைபேசிகளும் செய்கின்றன. கருவி நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் மூழ்கும் கப்பல், ஜெர்மன் விமானிகளின் ரப்பர் படகு, ஒரு கரடியின் கழுத்து எனப் பல இடங்களில் தங்கிவிட்டுத்தான் அது மலைக்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதைக் கட்டாயமாக்கிய சட்டங்களும் கூடவே பயணம் செய்தன. கடலிலும் வானிலும் வென்ற அந்தச் சட்டம் அமெரிக்க மலை ஒன்றின் அடிவாரத்தில் தடுக்கி விழுந்தது. அது ஏன் விழுந்தது என்பதற்கான விடை அந்தப் பயணத்திலேயே இருக்கிறது.

மின்சாரம் இல்லாத ஒரு முன்னோரிடமிருந்து தொடங்கலாம். 1894இல், லண்டன் ஆல்பைன் கிளப்பைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் கிளின்டன் டென்ட் எளிய உத்தி ஒன்றை வகுத்தார். ஆபத்தில் சிக்கியவர் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விளக்கைக் காட்டவோ குரல் எழுப்பவோ வேண்டும். அடுத்த ஒரு நிமிடம் அமைதி. பிறகு மறுபடியும் ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் காட்ட வேண்டும். ஆல்ப்ஸ் மலைகளில் இன்றும் இதுதான் வழக்கம். டென்ட் அழைப்பதற்கு மட்டும் விதி வகுக்கவில்லை, பதில் சொல்வதற்கும் சேர்த்தே வகுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த பல சட்டங்கள் மறந்தது அதைத்தான்.

1909 ஜனவரியில், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், மூடுபனிக்குள் 'ரிபப்ளிக்' என்ற பயணிகள் கப்பல் மீது 'ஃப்ளோரிடா' என்ற கப்பல் மோதியது. கம்பியில்லாத் தந்தி இயக்குநர் ஜாக் பின்ஸ் உடைந்த தன் அறையிலேயே உட்கார்ந்து, கடுங்குளிரில் மணிக்கணக்காக உதவி கேட்டுத் தந்தி அடித்தார். 'பால்டிக்' கப்பலுக்குச் செய்தி கிடைத்துவிட்டது. ஆனால் மூடுபனியில் ரிபப்ளிக் சரியாக எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. கடைசியில் சுமார் 1,500 பேர் காப்பாற்றப்பட்டார்கள். பின்ஸ் ஒரே வாரத்தில் நாயகன் ஆனார்.

மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 50 பேரையோ அதற்கு மேலோ ஏற்றிச்செல்லும் கப்பலில், 100 மைல் எட்டும் ரேடியோவும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தாக வேண்டும். அபாயக் கருவியைச் சுமந்து செல்லச் சொன்ன தொடக்ககாலச் சட்டங்களில் அது ஒன்று. ஆனால் அந்த ஆள் எத்தனை மணி நேரம் விழித்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கப்பல் ரேடியோவை நடத்திய மார்க்கோனி நிறுவனத்துக்கு வருமானம் பயணிகளின் சொந்தத் தந்திகளிலிருந்து வந்தது. ராத்திரி முழுக்கக் காத்திருப்பதில் லாபம் இல்லை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, அருகில் நின்ற 'கலிஃபோர்னியன்' கப்பலின் ஒரே இயக்குநர் வேலையை முடித்துவிட்டுத் தூங்கப் போயிருந்தார். ரேடியோ இருந்தது, கேட்கக் காது இல்லை. அதன் பிறகுதான் 1912இன் அமெரிக்கச் சட்டமும், 1914இல் லண்டனில் கையெழுத்தான கடல் பாதுகாப்பு ஒப்பந்தமும் இடைவிடாமல் கேட்டிருப்பதைக் கடமையாக்கின. சுமக்கச் சொல்லும் சட்டம் முதலில் வரும், கேட்கச் சொல்லும் சட்டம் ஒரு பெருந்துயரத்துக்குப் பிறகு வரும். இந்த வரிசை இனி திரும்பத் திரும்ப நிகழும்.

அடுத்த கட்டம் ஒரு திருட்டு நகல். இரண்டாம் உலகப்போரில், கடலில் விழும் விமானிகளுக்காக ஜெர்மனி கையால் சுழற்றி இயக்கும் சிறிய ரேடியோ ஒன்றை உருவாக்கியது. 1941இல் பிரிட்டன் ஒன்றைக் கைப்பற்றி, அதைப் பார்த்துத் தனக்கென ஒன்று செய்துகொண்டது. கைக்கு வந்த இன்னொன்றை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அமெரிக்காவும் நகலெடுத்தது. எஸ்சிஆர்-578 என்ற அந்த மஞ்சள் பெட்டியின் நடுப்பகுதி இடுப்பு போல ஒடுங்கியிருக்கும். ஆடும் படகில் உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றத்தான் அந்த வடிவம். ஓவியர் சார்லஸ் டானா கிப்சன் வரைந்த ஒடுங்கிய இடையுடைய நாகரிகப் பெண்களின் நினைவில், வீரர்கள் அதற்குக் 'கிப்சன் கேர்ள்' என்று பெயர் வைத்தார்கள். பெட்டியோடு ஒரு காற்றாடியும், காற்று இல்லாத நாளுக்கு ஒரு பலூனும் வரும். ஏறத்தாழ 300 அடி நீளக் கம்பியை அது வானுக்குத் தூக்கும், அதுதான் ஆன்டெனா. மோர்ஸ் தெரியாதவர் சுழற்றினாலும் பெட்டி தானாகவே எஸ்ஓஎஸ் அடிக்கும். கப்பலிலிருந்து இறங்கி ஒற்றை மனிதனின் மடிக்கு வந்துசேர்ந்த முதல் அபாய ரேடியோக்களில் இதுவும் ஒன்று.

இருந்தாலும் ரிபப்ளிக் கப்பலின் சிக்கல் தீரவில்லை. குரல் கேட்கிறது, இடம் தெரியவில்லை. அதற்கான விடை 1957 அக்டோபரில் வந்தது. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், மேரிலாந்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள் அதன் 'பீப்' ஒலியைச் சும்மா ஆவலில் கேட்கத் தொடங்கினார்கள். நெருங்கி வரும்போது அதிர்வெண் கூடியது, விலகும்போது குறைந்தது. 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விளைவு அது. 1845இல் ஹாலந்தின் உட்ரெக்ட் அருகே, பைஸ் பாலட் என்ற அறிஞர் ரயிலில் ஊதுகொம்புக் கலைஞர்களை ஏற்றி ஓடவிட்டு, தண்டவாளத்தின் ஓரம் சுருதி பிசகாத செவியுடைய இசைக்கலைஞர்களை நிறுத்திச் சோதித்துப் பார்த்த அதே விளைவு. அந்த மாற்றத்தை வைத்தே ஸ்புட்னிக்கின் பாதையைக் கையரும் வைஃபன்பாக்கும் கணக்கிட்டார்கள். தரையிலிருந்து செயற்கைக்கோளின் இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தால், செயற்கைக்கோளிலிருந்து தரையில் இருப்பவரின் இடத்தையும் கண்டுபிடிக்கலாம் அல்லவா? ஆனால் இந்தக் கணக்கு, தொலைந்த மனிதர்களைத் தேடும் வேலைக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

அதற்குள் வேறொரு கிளை முளைத்தது. 1961இல் யெல்லோஸ்டோன் பூங்காவில், ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் ஒரு கிரிஸ்லி கரடிக்கு ரேடியோ பட்டை அணிவித்தார்கள். 'மேரியன்' என்று பெயரிடப்பட்ட அந்தக் கரடி எந்தப் பள்ளத்தாக்கில் திரிகிறது என்பதை, கையில் ஆன்டெனாவோடு நடந்தே கண்டுபிடித்தார்கள். காட்டில் கரடியைத் தேடிய இந்த நுட்பம், 25 ஆண்டுகள் கழித்துப் பனியில் மனிதரைத் தேட வந்தது.

1967 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் டிரினிட்டி மலைகளில் ஒரு குடும்பத்தின் சிறிய விமானம் பனிக்குள் விழுந்தது. தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அக்டோபரில் ஒரு வேட்டைக்காரர் தற்செயலாக விமானத்தைப் பார்த்தார். உள்ளே ஒரு நாட்குறிப்பு இருந்தது. தாயும் பதின்வயது மகளும் ஏறத்தாழ இரண்டு மாதம் உயிரோடு காத்திருந்ததை அது சொன்னது. அந்தக் குறிப்பு நாட்டை உலுக்கியது. கொலராடோ செனட்டர் பீட்டர் டாமினிக் விடாமல் வாதாட, சிறிய விமானங்களில் அபாய ஒலிபரப்பி கட்டாயம் என்ற விதி 1970 டிசம்பரில் சட்டமானது. அது இடம்பிடித்தது தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசிப் பக்கங்களில். விதி நடைமுறைக்கு வருவதற்குள், 1972 அக்டோபரில், அலாஸ்காவில் நாடாளுமன்றப் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் போக்ஸும் உறுப்பினர் நிக் பெகிச்சும் சென்ற விமானம் காணாமல் போனது. 39 நாள் தேடினார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை.

சட்டம் வந்தது, பெட்டிகள் விற்றன, பழைய கோளாறு மறுபடியும் தலைகாட்டியது. பெட்டி கத்தும், அந்த வழியாகப் பறக்கும் வேறு விமானம் ஏதாவது கேட்டால்தான் உண்டு. 1970களின் நடுவில் கனடா ஆய்வாளர்கள், அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள் ஏவிய ஆஸ்கார்-6 என்ற சிறு செயற்கைக்கோளை வைத்து டாப்ளர் கணக்கைச் சோதித்து, அது பலிக்கும் என்று காட்டினார்கள். 1979இல், பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதே, அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் சேர்ந்து, அபாய அழைப்புகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கேட்கும் காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டைத் தொடங்கின. 1982 ஜூன் 30 அன்று சோவியத்தின் காஸ்மாஸ்-1383 செயற்கைக்கோள் விண்ணேறியது. அதே ஆண்டு செப்டம்பரில், காணாமல் போன ஒரு விமானத்தைத் தேடிப் போன மற்றொரு சிறு விமானம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் விழுந்தது. ஸ்புட்னிக்கின் பேரன் அதன் குரலைக் கேட்டுவிட்டான். மூன்று பேர் பிழைத்தார்கள். கேட்கும் கடமைக்கு வானத்தில் ஒரு காது முளைத்துவிட்டது.

மலையில் இதற்கு இணையாக இன்னொரு கருவி வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பவேரியாவின் மலையேறி ஓய்கன் ஓர்ட்டல், பனிச்சறுக்கர்கள் இடுப்பில் நீண்ட சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டி இழுத்துச் செல்லலாம் என்றார். பனிச்சரிவு ஆளை மூடினாலும் கயிற்றின் ஒரு நுனியாவது வெளியே தெரியும் என்பது நம்பிக்கை. 1968இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜான் லாட்டன் அந்தக் கயிற்றுக்குப் பதிலாக ரேடியோவைக் கொண்டுவந்தார். நார்ஸ் புராணத்தின் பனிமலைத் தேவதை ஸ்காடியின் பெயரில் அதை விற்கவும் தொடங்கினார். எல்லோரும் பெட்டியை ஒலிபரப்பும் நிலையில் அணிந்து செல்வார்கள். ஒருவர் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் பெட்டிகளைக் கேட்கும் நிலைக்கு மாற்றி ஒலி கூடும் திசையில் தேடுவார்கள். போட்டி நிறுவனங்கள் ஐரோப்பாவில் முளைத்தன, ஆளுக்கொரு அலைவரிசை. ஒரே சரிவில் நிற்கும் இரண்டு நண்பர்களின் பெட்டிகள் ஒன்றையொன்று கேட்காமல் போகலாம். 1986இல்தான் சர்வதேச மலை மீட்பு அமைப்பு 457 கிலோஹெர்ட்ஸ் என்று முடிவுகட்டியது. இங்கே அவசரம் வேறு மாதிரியானது. பனியில் புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி நேரத்தில் அது செங்குத்தாகச் சரியும். அரசோ செயற்கைக்கோளோ வந்துசேர நேரம் கிடையாது. பக்கத்தில் நிற்கும் தோழரே கேட்பவர், அவரே மீட்பவர்.

அதே 1986 மே மாதம், ஆரெகன் மாநிலத்தின் 11,200 அடிக்கு மேற்பட்ட ஹூட் மலையில், போர்ட்லாந்துப் பள்ளி ஒன்றின் மாணவர் குழு புயலில் சிக்கியது. பனியில் குகை தோண்டி ஒதுங்கினார்கள். மறுநாள் இரண்டு பேர் உதவி தேடிக் கீழே இறங்கிவிட்டார்கள். ஆனால் வெண்மையைத் தவிர எதுவும் தெரியாத அந்தச் சூழலில், குகை எங்கே என்று அவர்களால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. தேடியவர்கள் நீண்ட கோல்களால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்து, மூன்று நாள் கழித்துக் குகையைக் கண்டார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள்.

அந்தத் துயரத்தில் பிறந்ததுதான் எம்எல்யு என்ற 'மவுன்டன் லொக்கேட்டர் யூனிட்'. கரடியின் கழுத்தில் இருந்த அதே நுட்பம் இப்போது மலையேறுபவரின் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டையில் வந்தது. அடிவாரக் கடையில் சில டாலருக்கு வாடகைக்குக் கிடைத்தது. ஆபத்தில் ஒரு கயிற்றை இழுத்தால் துடிப்பொலி கிளம்பும். அவ்வளவுதான். அந்தக் குரலை எந்தச் செயற்கைக்கோளும் கேட்காது. காணோம் என்று வீட்டில் யாராவது புகார் கொடுத்து, மீட்புக் குழு கையில் ஆன்டெனாவோடு புறப்பட்டால்தான் அதற்கு வேலை. உலகிலேயே ஹூட் மலையில் மட்டும் இருந்த ஏற்பாடு இது.

2003 ஜூலை முதல், செயற்கைக்கோள் கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் பீக்கனை அமெரிக்கா முழுக்க எவரும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. அரை விநாடி நீளமுள்ள ஒரு தெறிப்பு, ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் உரியவரின் அடையாள எண். அதே ஆண்டு நவம்பரில், நியூயார்க்கின் அடிரான்டாக் காட்டில் பனியில் மாட்டிய ஒரு படகோட்டி பொத்தானை அழுத்தி ஹெலிகாப்டரில் காப்பாற்றப்பட்டார். சில வாரம் கழித்து, விட்டுவந்த படகை எடுக்கப் போனவர் மறுபடி மாட்டி, மறுபடி அழுத்தினார். இந்த முறை ஹெலிகாப்டரோடு வழக்கும் வந்தது. 2004இல் ஆரெகனின் கொர்வாலிஸ் நகரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி தன்னையறியாமல் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அபாய அலையை உமிழ, தேடுதல் படையினர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இப்படிப் பொய் அழைப்புகள் குவிந்ததால், 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலையைக் கேட்பதையே நிறுத்திவிட்டன. அதே 2009இல் கிராண்ட் கேன்யனில் ஒரு குழு மூன்று நாளில் மூன்று முறை உதவிப் பொத்தானை அழுத்தியது. ஒரு முறை காரணம், குடிநீர் உப்புக் கரித்தது.

இந்தப் பின்னணியில்தான் ஆரெகனின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2006 டிசம்பரில் மூன்று மலையேறிகள் ஹூட் மலையில் சிக்கினார்கள். ஒருவர் உச்சிக்கு அருகே பனிக்குகையிலிருந்து கைபேசியில் குடும்பத்தோடு பேசினார். ஏறத்தாழ எந்தப் பக்கம் என்று தெரிந்தும், புயலில் மீட்பர்களால் மேலே போக முடியவில்லை. ஒரு வாரம் கழித்து அவரது உடல்தான் கிடைத்தது. மற்ற இருவர் திரும்பவே இல்லை. நாடே தொலைக்காட்சியில் பார்த்த துயரம் அது. 2007 பிப்ரவரியில் அதே மலையில் மூன்று பேரும் வெல்வெட் என்ற நாயும் ஒரு விளிம்பிலிருந்து சரிந்தார்கள். அவர்களிடம் எம்எல்யு இருந்தது. மறுநாளே நால்வரும் பத்திரமாக இறங்கினார்கள். இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்த எவருக்கும் ஒரே முடிவுதான் தோன்றும். நவம்பர் முதல் மார்ச் வரை 10,000 அடிக்கு மேல் ஏறுவோர் இருப்பிடம் காட்டும் மின்னணுக் கருவி வைத்திருக்க வேண்டும் என்ற மசோதாவை ஆரெகன் கீழவை நிறைவேற்றியது.

எதிர்த்தவர்கள் மலை மீட்புக் குழுவினர். உயிரைப் பணயம் வைத்து மேலே போகும் தன்னார்வலர்களே வேண்டாம் என்றார்கள். அவர்கள் வாதம் வலுவானது. கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் ஆட்கள் எல்லை மீறுவார்கள். அழைப்பு வந்துவிட்டால், புயல் என்றாலும் கிளம்பியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி மீட்பர்கள் மேல் விழும். திசைகாட்டி, மண்வெட்டி, வானிலையை மதித்துத் திரும்பிவரும் புத்தி இவற்றின் இடத்தை ஒரு பெட்டி பிடித்துக்கொள்ளும். டிசம்பரில் இறந்தவர்களைத் தடுத்தது புயல். கையில் பீக்கன் இருந்திருந்தாலும் அந்தப் புயல் வழி விட்டிருக்காது. மசோதா சட்டமாகாமலேயே அடங்கியது.

மீட்பர்கள் சொன்னதில் நூறாண்டு வரலாறு இருக்கிறது என்பது என் கருத்து. கடல் சட்டம் கப்பல் முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. அதற்கு மறுபுறம் விழித்திருக்கும் இயக்குநர்களை நிறுத்தியது. விமானச் சட்டம் செயற்கைக்கோள் வந்த பிறகே முழுமை பெற்றது. ஆரெகன் மசோதாவோ சுமப்பவருக்கு மட்டும் கடமை விதித்தது. அது ஏற்ற கருவிகளில் ஒன்றான எம்எல்யு, புகார் வரும் வரை யாரும் கேட்காத கருவி. மறுபுறம் சம்பளமில்லாத தன்னார்வலர்களைத் தவிர வேறு ஏற்பாடு எதுவும் இல்லை.

இதே சட்டத்தை வேறு விதமாக எழுதலாம் என்று காட்டியது இத்தாலி. 2021இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் பனிமலைப் பாதுகாப்புச் சட்டம், பனிச்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் பனிச்சறுக்கு மலையேற்றம் செய்வோரிடம் பீக்கன் மட்டும் கேட்கவில்லை. பனியைக் குத்தித் தேடும் கோலும் மண்வெட்டியும் சேர்த்தே கேட்கிறது. அதாவது புதையக்கூடியவர் என்ற முறையில் ஒரு கருவி, தோழரைத் தோண்டி எடுக்க வேண்டியவர் என்ற முறையில் இரண்டு. அழைப்பவரும் பதில் சொல்பவரும் ஒரே விதிக்குள் வந்துவிட்டார்கள். டென்ட்டின் கணக்கு அது.

2024இல் நேபாளமும், எவரெஸ்ட் ஏறுவோர் இருப்பிடம் காட்டும் சில்லை அணிந்தே ஆக வேண்டும் என்று அறிவித்தது. இன்னொரு வியப்பு: நேபாளமும் இலங்கையும் காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டில் பெங்களூரில் உள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்தின் சேவைப் பகுதிக்குள் வருகின்றன. இமயத்தில் அழுத்தும் 406 பீக்கனின் செய்தி போகும் ஊர் பெங்களூர். அதே மையம்தான் நம் மீனவர்களின் அபாயக் கருவிகளையும் கேட்கிறது. இஸ்ரோ 2010 முதல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முதல் தலைமுறைக் கருவியில் மீனவர் அழைக்கலாம், ஆனால் அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று அவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி, 'கிடைத்தது' என்று கரையிலிருந்து அவருக்குப் பதில் அனுப்புகிறது.

மலைகளுக்குச் சட்டம் எழுதப்போகும் எந்த அரசும் முதலில் கற்க வேண்டிய பாடம் அந்தப் பதிலில் இருக்கிறது. ஏறுபவரிடம் பெட்டியைக் கேட்பதற்கு முன், அந்தப் பெட்டியை யார் கேட்கிறார்கள், எத்தனை நிமிடத்தில், எந்த வானிலை வரை, யார் செலவில், எவர் பயிற்சியில் என்று அரசு தன் பக்கத்தை எழுதட்டும். மீட்புக் குழுவுக்குக் கயிறும் காப்பீடும் சம்பளமும் கொடுக்கட்டும். 'இப்போது போக முடியாது' என்று சொல்லும் உரிமையையும் கொடுக்கட்டும். அது எழுதப்பட்ட மலையில், பெட்டியைச் சுமக்கச் சொல்வது நியாயமான கட்டளை. மீட்பர்களே அதை எதிர்க்கக் காரணம் இருக்காது.